தாலுகா அலுவலகத்தின் இரண்டாவது திரை

பெங்களூரின் மென்பொருள் தொழிலைப் பற்றி எழுதப்படும் வரலாறு பெரும்பாலும் ஏற்றுமதியின் வரலாறாகவே இருக்கிறது. 1978-ல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. 1983-ல் இன்ஃபோசிஸ் புனேயிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தனக்கென்று ஒரு செயற்கைக்கோள் இணைப்போடு வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் ஒய்2கே வேலை மலைபோல் குவிந்தது. இத்தனை விரிவாகச் சொல்லப்படும் கதையில் ஒருவர் மட்டும் தலைகாட்டுவதே இல்லை: அந்த மென்பொருளை அன்றாடம் பயன்படுத்தியவர். அவர் கடல் கடந்த ஏதோ ஒரு வங்கியிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ உட்கார்ந்திருந்தார். திரையில் எந்த இடத்தில் அவர் திணறினார், எந்தப் பொத்தானைத் தேடிச் சலித்தார் என்பதை நிரல் எழுதியவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. என்ன வேண்டும் என்ற பட்டியல் அங்கிருந்து வரும், செய்து கொடுத்தால் போதும். பயன்படுத்த எளிதாக ஒன்றை வடிவமைக்கும் கலையை இந்த ஊர் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் கற்கவில்லை என்பது என் கருத்து. பயனர் எங்கெல்லாம் கண்ணெதிரே வந்து நின்றாரோ அங்கெல்லாம் கற்றது. தாலுகா அலுவலகம், குடிசைப் பகுதி, ஊருக்குப் போகும் பேருந்து, 2ஜி கைபேசி வைத்திருந்த வாடிக்கையாளர் என்று அந்தப் பள்ளிக்கூடங்கள் வேறு.

முதலில் தாலுகா அலுவலகம். கர்நாடகத்தில் நிலப் பதிவேட்டை பஹணி என்பார்கள். அலுவல் வழக்கில் ஆர்.டி.சி. நம் ஊர்ச் சிட்டாவையும் அடங்கலையும் ஒரே தாளில் சேர்த்தால் ஏறத்தாழ அதுதான்: நிலம் யாருடையது, எவ்வளவு, என்ன பயிர், அதன்மேல் என்ன கடன். இந்தப் பதிவேடுகள் சுமார் 9,000 கிராமக் கணக்கர்களின் பொறுப்பில் இருந்தன. ஒருவருக்கு மூன்று நான்கு கிராமங்கள். பயிர்க்கடனுக்கு ஒரு நகல் வேண்டுமென்றால் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவர் மனம் இரங்க வேண்டும், கையும் நனைய வேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பொறுப்பில் 'பூமி' திட்டம் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. 67 லட்சம் விவசாயிகளின் ஏறத்தாழ 2 கோடி பதிவுகள் கணினிக்குள் ஏறின. 177 தாலுகா அலுவலகங்களில் கவுன்ட்டர் வந்தது. நகலுக்குக் கட்டணம் 15 ரூபாய். ஊழியர் கைரேகை வைத்தால்தான் கணினி திறக்கும்; பட்டா மாற்றத்துக்கு வந்த மனுக்களை வந்த வரிசையில்தான் எடுக்க முடியும், நடுவில் ஒன்றை உருவ முடியாது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அறிக்கைகளில் ஒரு வரியில் கடந்துபோகும் ஒரு விஷயம். கவுன்ட்டரில் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்று ஊழியருக்கு, மற்றொன்று விவசாயியை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜேக்கப் நீல்சனும் ஸ்டீவ் க்ரூக்கும் இணையதளங்களின் எளிமையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றுக்கொண்டிருந்தார்கள். நல்ல எழுத்துகள்தான். ஆனால் அவற்றின் அடியில் ஒரு காட்சி உறைந்து கிடக்கிறது: படிக்கத் தெரிந்த ஒருவர், தனியாக, தன் சொந்தக் கணினியின் முன். பூமிக் கவுன்ட்டரில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. விவசாயி விசைப்பலகையைத் தொடப்போவதில்லை. முழுப் பக்கத்தையும் வாசிக்கக்கூட அவருக்கு வராமல் இருக்கலாம். ஆனால் தன் பெயரும் சர்வே எண்ணும் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எதிரே இருப்பவர் எதைத் தட்டுகிறார் என்பதும் இப்போது தெரிகிறது. எளிமையை இங்கே உண்டாக்கியது பொத்தானின் நிறமோ எழுத்தின் அளவோ கிடையாது, திரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற ஏற்பாடு. தாலுகா அலுவலக வாசலில் நின்று பார்த்திராத ஒருவருக்கு இந்த யோசனை எழுந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

பூமியை இப்படிப் புகழ்வதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சாலமன் பெஞ்சமினும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2007-ல் எழுதிய ஆய்வு, பதிவேட்டின் அதிகாரம் கிராமத்திலிருந்து மேலே போனதால் உள்ளூரில் பேசித் தீர்த்துக்கொள்ளும் வழிகள் அடைபட்டன என்றது. லஞ்சம் ஒழியவில்லை, வேறிடத்துக்குப் போனது. பெங்களூரைச் சுற்றி நிலம் வளைத்த பெரும் கைகளுக்கே இந்தத் தெளிவு அதிகம் உதவியது என்றும் வாதிட்டது. இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இது என் வாதத்தை உடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நகல் கேட்டு வரிசையில் நின்ற பட்டாதாரரை வடிவமைப்பாளர்கள் கண்டார்கள். அவருக்கு வேலை எளிதானது. பதிவேட்டில் பெயரில்லாத குத்தகைக்காரர், வாய்மொழிப் பங்கோடு நிலத்தில் இருந்தவர் ஆகியோர் கவுன்ட்டருக்கு வரவேயில்லை. அவர்களுக்கென்று எந்தத் திரையும் திரும்பவில்லை. ஒருவருக்கு எளிதாக்கப்பட்ட கருவி இன்னொருவரை மறைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று இந்த நகரத்தின் கணினி வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை.

இதே காலத்துச் சிம்ப்யூட்டர் வேறொரு பாடம். 1998-ல் பெங்களூரில் நடந்த ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் முளைத்த யோசனை இது. இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கி, 2001 ஏப்ரலில் முதல் மாதிரியைக் காட்டினார்கள். கையடக்கக் கணினி, தொடுதிரை, எழுத்தை இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும் குரல், 9,000 ரூபாய்க்குள் விலை என்பது இலக்கு. ஒரு கருவியை ஒரு கிராமமே பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தன் ஸ்மார்ட் கார்டைச் செருகினால் அது அவருடையதாகிவிடும். பகிர்ந்து பயன்படுத்துவதை வறுமையின் குறையாகப் பார்க்காமல் வடிவமைப்பின் தொடக்கமாகவே எடுத்துக்கொண்டது அபாரமான சிந்தனை. 2004-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வழியாகச் சந்தைக்கு வந்த 'அமிடா' சிம்ப்யூட்டரில் கருவியைச் சாய்த்தாலே உணரும் உணரிகூட இருந்தது. ஐபோன் வருவதற்கு அப்போது மூன்று ஆண்டுகள் பாக்கி. இருந்தும் அது விற்கவில்லை. கைபேசி மலிந்ததும் அரசு மொத்தமாக வாங்காததும் காரணங்கள் என்பார்கள், உண்மைதான். அதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். சிம்ப்யூட்டரின் கிராமவாசி ஒரு கருத்தரங்கில் பிறந்தவர். பூமியின் விவசாயிக்குப் பஹணி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிம்ப்யூட்டரை வாங்குகிறவர் மறுநாள் காலையில் அதை வைத்து என்ன செய்வார் என்பதற்கு அப்படித் தெளிவான பதில் இருக்கவில்லை.

2005 ஜனவரியில் பெங்களூரில் மைக்ரோசாஃப்டின் ஆய்வுக்கூடம் திறந்தபோது, கென்டாரோ டொயாமாவின் குழுவில் இந்திராணி மேதி இந்த இடைவெளியில்தான் கைவைத்தார். நகரத்தின் குடிசைப் பகுதிகளில் வாழும், வீட்டு வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து, எழுத்தே இல்லாத ஒரு வேலை தேடும் செயலியை அவர் வடிவமைத்தார். எந்த வீட்டில் வேலை, என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எப்படிப் போவது எல்லாமே படமும் குரலும்தான். 2006-ல் வெளியான அந்த ஆய்வு இன்றும் படிக்கத் தக்கது, ஏனென்றால் அதன் முடிவுகளில் பல மேசையில் உட்கார்ந்து ஊகிக்க முடியாதவை. தத்ரூபமான புகைப்படத்தைவிட எளிய கோட்டோவியம் நன்றாகப் புரிந்தது. பாத்திரங்களை மட்டும் வரைந்தால் அது பாத்திரம். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதையும் காட்டினால்தான் பாத்திரம் தேய்க்கும் வேலை. எந்தப் படத்தைத் தொட்டாலும் குரல் விளக்க வேண்டும், உதவி எந்நேரமும் கைக்கெட்ட வேண்டும். தொடர்ந்து செய்த ஆய்வில் இன்னும் அடிப்படையான ஒன்று வெளிப்பட்டது. படங்கள் புரிந்தும் அந்தப் பெண்கள் தயங்கினார்கள்; இந்தப் பெட்டிக்குள் வேலை எப்படி வந்தது, யார் போட்டார்கள் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் ஆள் தேடுவதிலிருந்து அந்தச் செய்தி திரைக்கு வந்து சேர்வது வரை ஒரு சிறு நாடகமாகப் படம்பிடித்து முன்னால் சேர்த்த பிறகு தயக்கம் பெருமளவு குறைந்தது. எழுத்தறிவு இல்லாததுதான் தடை என்று தொடங்கிய ஆய்வு, நம்பிக்கை இல்லாததும் தடைதான் என்று கண்டுகொண்டது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே சந்தில் பேசப்படும் ஊரில், எழுத்தில்லாத திரை என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கான சலுகை மட்டும்தானா என்று நாமும் கேட்டுக்கொள்ளலாம்.

இவையெல்லாம் அரசும் ஆய்வாளர்களும் செய்தவை. வணிகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வணிகத்தில் பயனர் நம்மிடம் வந்து பேசவும் வேண்டியதில்லை, எழுந்து போய்விட்டாலே போதும். 2005 தீபாவளிக்கு ஹைதராபாத் போகப் பேருந்துச் சீட்டு கிடைக்காமல் பெங்களூரிலேயே தங்கிவிட்ட பணீந்திர சாமா, நண்பர்கள் இருவருடன் 2006-ல் ரெட்பஸ்ஸைத் தொடங்கினார். மடிவாளாவில் பை தூக்கி ஏஜென்ட்டிடமிருந்து ஏஜென்ட்டுக்கு அலைந்த தமிழர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. இங்கே வடிவமைத்தவரே பயனர். 2007-ல் கோரமங்களாவில் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010-ல் பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. கார்டு எண்ணை ஒரு பெட்டிக்குள் தட்டுவதற்கு அஞ்சியவருக்கு அந்தப் பெட்டியை எவ்வளவு அழகாக வரைந்தாலும் பயனில்லை. அதைத் தாண்டிப் போக வழிவிட்டதுதான் நல்ல வடிவமைப்பு.

அதே நிறுவனம் 2015-ல் தடுக்கி விழுந்தது. கைபேசியில் உலாவி வழியாக வருபவர்களை எல்லாம் செயலிக்குத் திருப்பிவிட்டது. அதன் துணை நிறுவனமான மிந்த்ரா இன்னும் ஒரு படி மேலே போய், மே மாதத்தில் இணையதளத்தையே மூடிவிட்டது. எல்லோரும் செயலிக்கு வந்துவிடுவார்கள் என்ற கணக்கு, கண்ணாடிக் கட்டடத்துக்குள் போட்ட கணக்கு. விலை குறைந்த கைபேசியில் இடமில்லாதவர், மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்தவர், 2ஜி அலைவரிசையிலேயே இருந்தவர் அதில் வரவில்லை. 2015 நவம்பரிலேயே ஃபிளிப்கார்ட், இறக்கி நிறுவத் தேவையில்லாமல் உலாவியிலேயே செயலிபோல ஓடும் 'ஃபிளிப்கார்ட் லைட்'டோடு திரும்பி வந்தது. உலக அளவில் அந்தத் தொழில்நுட்பத்தின் முதல் பெரிய முயற்சிகளில் அதுவும் ஒன்று. மிந்த்ராவின் இணையதளம் 2016 ஜூனில் மறுபடி திறந்தது. பாடத்தை விரைவாகப் படித்தார்கள் என்றால், பாடம் நடத்தியவர் வாங்காமல் போனவர்தான்.

ஏற்றுமதித் துறைக்கு நான் அநியாயம் செய்வதாக ஒருவர் சொல்லலாம். சோதனை முறைகள், தரக் கட்டுப்பாடு, ஒரு பொருளைக் குறித்த நாளில் முடித்துக் கொடுக்கும் ஒழுங்கு எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கியவர்கள் அமேசானின் பெங்களூர்க் கூடத்தில் வேலை பார்த்தவர்கள், சாமா டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் இருந்தவர். ஒப்புக்கொள்கிறேன். கைத்திறன் அங்கே கிடைத்தது. ஆனால் கைத்திறன் மட்டும் போதுமென்றால் 2021 ஜூன் 7-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய வருமான வரி இணையதளம் அப்படித் திணறியிருக்காது. 4,200 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் அது, செய்தது இன்ஃபோசிஸ். முதல் நாளிலிருந்தே புகார்கள் குவிந்தன. நிதியமைச்சர் வெளிப்படையாகவே குறை சொன்னார். ஆகஸ்டில் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியையே அமைச்சகம் அழைத்து விளக்கம் கேட்டது. கணக்குத் தாக்கல் செய்யும் கெடு டிசம்பர் 31 வரை நீண்டது. அது படிப்படியாகச் சீரானதற்கு, கத்தியவர்கள் ஆடிட்டர்களும் சம்பளக்காரர்களும் என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் குரல் டெல்லிக்குக் கேட்கும்.

குரல் கேட்காதவர்களின் நிலை என்ன என்பதையும் பெங்களூரில் இருந்துகொண்டே ஓர் அமைப்பு அளந்து காட்டியது. 2008-ல் இங்கே தொடங்கிய இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம், 2012-ல் 7,800 அரசு இணையதளங்களைச் சோதித்தது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்கள் அமைய வேண்டும் என்று மத்திய அரசே 2009-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருந்தது. சோதித்தவற்றில் கால்வாசி திறக்கவே இல்லை. திறந்தவற்றில், பார்வையற்றவர் ஸ்கிரீன் ரீடர் கொண்டு படிக்க முயன்றால் மோதி நிற்கும் தடைகள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. இங்கேதான் வணிகப் பாடம் செல்லுபடியாகாது. பிடிக்காத கடையை விட்டு வாடிக்கையாளர் போய்விடலாம். ஓய்வூதியத்தையோ வருமானச் சான்றையோ தரும் தளத்தை விட்டு எங்கே போவது? அவரை வடிவமைப்பாளரின் எதிரே கொண்டுவந்து உட்கார வைக்கச் சந்தையால் முடியாது, சட்டத்தால்தான் முடியும். அது மெதுவாக நடந்தது. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதன் விதிகள் வெறும் பரிந்துரையாக நிற்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 30-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அமிலத் தாக்குதலில் கண்ணும் முகமும் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கு அது. வங்கிகளின் மின்னணு அடையாளச் சோதனை, கேமரா முன் கண்ணிமைக்கச் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பியது. கண்ணிமைக்க முடியாத ஒருவரை அந்தச் சோதனையை எழுதியவர் சந்தித்ததே இல்லை. நீதிமன்றம் பிறப்பித்த 20 கட்டளைகளில் ஒன்று, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஒரு செயலியையோ தளத்தையோ வடிவமைக்கும்போதும், புதிய வசதி எதையும் சேர்க்கும்போதும், அதைச் சோதித்துப் பார்ப்பவர்களில் பார்வையற்றவர்களும் இருந்தாக வேண்டும் என்கிறது.