கட்டியின் எல்லையைத் தேடிய வரலாறு

திருவண்ணாமலையில் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் 1949-ஆம் ஆண்டைத் தவிர்த்துவிட இயலாது. அங்கு வாழ்ந்த ஞானி ரமண மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழே தோன்றிய சிறு கட்டி அவ்வாண்டு பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே அகற்றப்பட்டது. விரைவிலேயே அதே இடத்தில் மீண்டும் வளர்ந்த கட்டியை மார்ச்சில் சென்னை மருத்துவர்கள் வெட்டியெடுத்துச் சோதித்தபோது, அது தசை, எலும்பு போன்ற திசுக்களில் உண்டாகும் சர்கோமா என்னும் புற்றுநோய் எனத் தெரியவந்தது. ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். கையையே துண்டித்துவிடலாம் என்ற யோசனையை மகரிஷி ஏற்கவில்லை. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரண்டு அறுவைகள் நடந்து, நாட்டு வைத்தியங்களும் ஹோமியோபதியும் கைகொடுக்காத நிலையில், 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார்.

அந்த மருத்துவர்களின் திறமையைக் குறைகூறுவது நியாயமாகாது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டியதேயன்றித் தசைக்குள் கட்டி எதுவரை ஊடுருவியிருக்கிறது என்பதைக் காட்டவில்லை. ஆகவே கத்தி எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கண்ணும் விரலுமே தீர்மானித்தன. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனையும் அப்போது சென்னையில் இல்லை. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் அது 12 படுக்கைகளுடன் தொடங்கியது 1954-இல்தான்.

கையில் புடைத்து நின்ற கட்டிக்கே எல்லை தெரியவில்லையென்றால், சிறுநீர்ப்பைக்குக் கீழே மறைந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. ஆசனவாய் வழியே விரலால் தடவிப் பார்ப்பதே நெடுங்காலம் முதன்மைச் சோதனையாக இருந்தது. 1980-களில் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை வந்தது. ஆனால் அது அளக்கும், அச்சுரப்பி சுரக்கும் புரதம், வயது முதிர்ந்தோருக்கு வரும் சாதாரண வீக்கத்திலும் மிகுவதால், அதைக்கொண்டு புற்றுநோயை உறுதிசெய்ய முடியவில்லை. அடுத்த படியான, திசுத்துணுக்கை ஊசியால் எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியிலோ, அல்ட்ராசவுண்ட் சுரப்பியைக் காட்டினாலும் நோயுள்ள இடத்தைத் தெளிவாகக் காட்டாததால், ஊசி பல இடங்களில் கணக்காகக் குத்தப்பட்டது; குத்திய இடத்துக்கு அருகிலேயே நோய் இருந்தும் அகப்படாமற் போவதுண்டு.

இந்தக் குருட்டுத்தன்மையைப் போக்கியதே எம்.ஆர்.ஐ.யின் பெருஞ்சாதனை. 1973-இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்த இக்கருவி, கதிர்வீச்சின்றி, வலிமையான காந்தப்புலத்தில் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சைகைகளைப் படமாக்குகிறது. ஆரோக்கியமான சுரப்பியின் வெளிப்பகுதி நீர் மிகுந்திருப்பதால் ஒருவகைப் படத்தில் வெளுப்பாகத் தெரிய, அதனிடையே கட்டி கருந்திட்டாகத் தென்படுகிறது. புற்றுசெல்கள் நெருக்கியடித்து நிற்குமிடத்தில் நீர் மூலக்கூறுகளின் அசைவு தடைப்படுவதை டிஃப்யூஷன் என்னும் மற்றொரு படம் காட்டிக்கொடுக்கிறது. சுரப்பியின் உறையைத் தாண்டி நோய் பரவியுள்ளதா என்பதையும் பெரும்பாலும் இதில் காணலாம்.

இப்படங்களை ஒவ்வொருவரும் ஒவ்வொருவிதமாகப் படிப்பதைத் தவிர்க்க, 2012-இல் ஐரோப்பிய நிபுணர்கள் பைராட்ஸ் என்னும் 1 முதல் 5 வரையிலான மதிப்பீட்டை வகுத்தனர். 2017-இல் வெளியான பிராமிஸ் என்னும் ஆய்வில், சிகிச்சை தேவைப்படும் புற்றுநோயுள்ளவர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினரை எம்.ஆர்.ஐ. இனங்காட்ட, பழைய பயாப்ஸியோ 48 விழுக்காட்டினரையே இனங்கண்டது. மகரிஷி சிகிச்சை பெற்ற திருவண்ணாமலையிலும் நிலைமை மாறியிருக்கிறது: அரசு மருத்துவக் கல்லூரி 2013-இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்றும் இறுதி முடிவைச் சொல்வது பயாப்ஸியே என்றாலும், ஊசி எங்கே செல்லவேண்டும் என்பதை ஸ்கேன் முன்கூட்டியே காட்டுகிறது. மெதுவாக வளரும் நோயுள்ளவர்களைக் கத்தி வைக்காமல், குறித்த இடைவெளியில் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்து கண்காணித்து வருவதும் இதனாலேயே எளிதாயிற்று.