வாசலில் நின்றவரின் 72 வருடங்கள்



எங்கள் ஊரில் "ஹோட்டல்" என்றால் சோறும் கொத்தும் விற்கிற கடை. "மகன் ஹோட்டல்ல வேலை" என்று ஓர் உம்மா சொன்னால், அது கொழும்பில் ஐந்து நட்சத்திர ஹோட்டலாக இருந்தாலும் கேட்பவரின் முகம் கொஞ்சம் மாறும். உயர்தரம் எழுதிய நம் பிள்ளைகளில் சிலர் ஒவ்வொரு வருடமும் அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். அதனால் அந்த வேலையின் வரலாற்றைக் கொஞ்சம் பேசலாம்.

இலங்கையின் பழைய பெரிய ஹோட்டல்கள் பிரித்தானியர் காலத்தவை. காலிமுகத்திடலின் தெற்கு முனையிலுள்ள கோல்பேஸ் ஹோட்டல் 1864இல் தொடங்கியது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்த பிறகு கொழும்பில் தரித்துப் போகும் கப்பல்கள் பெருகின. 1875இல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் வந்தது.

இவற்றின் கதையை எங்கே வாசித்தாலும், தங்கிப் போன பெரிய மனிதர்களின் பட்டியல்தான் முதலில் வரும். அவர்களின் பெட்டியைச் சுமந்தவர், கோப்பை கழுவியவர், படுக்கை விரித்தவர் யாருக்கும் அதில் பெயர் இல்லை. தலை நரைத்த ஊழியரையும் துரைமார் "போய்" என்றே கூப்பிட்ட காலம் அது.

அந்தக் கூட்டத்தில் பெயர் மிஞ்சிய ஒருவர் கொட்டாரப்பாட்டு சாத்து குட்டன்.

1920இல் கேரளத்தில் பிறந்தவர். பெற்றோரை இழந்து, 1938இல் பிழைப்புத் தேடி இலங்கைக்கு வந்தார். அது மலையாளிகளுக்கு இங்கே நல்ல காலமல்ல. உள்ளூராரின் வேலையை அவர்கள் பறிக்கிறார்கள் என்று தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க கடும் பிரசாரம் செய்திருந்தார். 1939இல் அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை நீக்க முடிவெடுத்தார்கள். அதைப் பற்றிப் பேச நேருவே கொழும்புக்கு வந்தார். மலையாளிகள் பலர் ஊர் திரும்பினார்கள். குட்டன் இங்கேயே இருந்துவிட்டார்.

1942இல் கோல்பேஸ் ஹோட்டலில் சேர்ந்தார். ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டதும் அதே வருடம்தான். கடைநிலை ஊழியராகத் தொடங்கியவர் பிறகு வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சீருடை, அகன்ற வெள்ளை மீசை, கூப்பிய கை. நாடு சுதந்திரம் பெற்றது, குடியரசானது, யுத்தம் தொடங்கி முடிந்தது. 2014 நவம்பரில் 94 வயதில் இறக்கும்வரை அவர் அந்த ஹோட்டலின் ஊழியராகவே இருந்தார். மொத்தம் 72 வருடங்கள். வெளிநாட்டு ஊடகங்களும் அவருடைய மரணச் செய்தியை வெளியிட்டன.

அவருடைய படத்தைப் பார்ப்பவர்கள் மீசையைத்தான் பார்க்கிறார்கள். நான் அவருடைய கால்களை நினைக்கிறேன்.

ஆடம்பர ஹோட்டல் வேலையில் பெரும் பகுதி நிற்பதுதான். விருந்தாளி எதிரே உட்கார முடியாது. வீட்டில் மையித்து விழுந்தாலும் முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும். பெருநாள் அன்றும் டியூட்டி வரும். நோன்பு பிடித்துக்கொண்டே காலைச் சாப்பாடு பரிமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சம்பளமும் வேறு மாதிரி. பில்லில் சேர்க்கும் 10 வீத சேவைக் கட்டணத்தை மாத முடிவில் ஊழியருக்குப் பங்கிடுவார்கள். விருந்தாளி வந்தால் கை நிறையும். வராவிட்டால் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். 2018இல் 23 இலட்சத்துக்கு மேல் உல்லாசப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். 2021இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. இடையில் எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2019 ஏப்ரல் 21. ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பெரி. காலைச் சாப்பாட்டு நேரத்தில் குண்டு வெடித்தது. தட்டை ஏந்தி நின்ற ஊழியர்களும் இறந்தவர்களில் இருக்கிறார்கள். குண்டு வைத்தவர்கள் நம் பெயர்களைத் தாங்கியவர்கள். அதற்குப் பிறகு, நம் பிள்ளை ஒருவன் ஹோட்டல் வேலைக்குப் போவதென்றால் அந்தப் பெயரையும் சுமந்துகொண்டு, ஒவ்வொரு நாளும் சிரித்த முகத்தோடு நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. குட்டனும் ஒரு காலத்தில், வேண்டாதவர் என்று சொல்லப்பட்ட கூட்டத்திலிருந்து வந்தவர்தான். அவர் யாரோடும் வாதாடி இந்த ஊர்க்காரர் ஆகவில்லை. வாசலில் நின்றே ஆனார்.

மதுபானம் பரிமாறும் பிரச்சினை பற்றிக் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஹோட்டல் என்றால் அது மட்டுமல்ல. வரவேற்பு, கணக்கு, அறைப் பராமரிப்பு, பேக்கரி என்று எத்தனையோ பிரிவுகள் உண்டு. பிள்ளையோடு உட்கார்ந்து பேசி வழி காட்டலாம். முகம் சுளிப்பது வழி காட்டுவதாகாது.

நம் ஊரிலும் ஹோட்டல்களில் முப்பது நாற்பது வருடம் நின்று ஓய்ந்த வாப்பாமார் இருக்கிறார்கள். யாருக்குப் பரிமாறினார்கள் என்று கேட்காதீர்கள். எப்போது சேர்ந்தீர்கள், எங்கே தூங்கினீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதுவும் இந்த நாட்டின் வரலாறுதான்.