புகையைக் காட்டிக்கொடுத்த டைரிகள்

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு எந்த ஊர் மருத்துவரும் தவறாமல் தரும் அறிவுரை ஒன்று உண்டு: எது உங்களுக்கு மூச்சிரைப்பைக் கிளப்புகிறது என்று கண்டுபிடியுங்கள், அதன் பக்கம் போகாதீர்கள். கேட்க ஒரே வேலை போலத் தெரியும். உண்மையில் இவை இரண்டு வேலைகள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை லண்டனின் நிலக்கரிப் புகை வரலாற்றைப் போலத் தெளிவாகக் காட்டும் கதை வேறு இல்லை. கண்டுபிடிக்கும் வேலையை அந்த நகரத்து நோயாளிகளே பெருமளவு செய்து முடித்தார்கள். விலகியிருப்பது மட்டும் அவர்கள் கையில் இருக்கவில்லை.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மேல் காற்று அசையவில்லை. தரையோரக் குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமர்ந்துகொள்ள, லட்சக்கணக்கான வீட்டுக் கணப்புகளின் புகையும் மின்நிலையங்களின் கந்தக வாயுவும் தெருமட்டத்திலேயே தேங்கிப் பனிப்புகையாயின. முதலில் திணறியவை மாடுகள். ஏர்ல்ஸ் கோர்ட்டில் நடந்த ஸ்மித்ஃபீல்டு கண்காட்சிக்கு வந்த கொழுத்த மாடுகளுக்கு மூச்சு முட்டியது. பலவற்றை வெட்ட வேண்டிவந்தது. மனிதர்களின் கணக்கு வெளிவரச் சில நாட்கள் ஆயின. லண்டன் நிர்வாகப் பகுதியில் முந்தைய வாரம் 945 ஆக இருந்த இறப்பு, டிசம்பர் 13இல் முடிந்த வாரத்தில் 2,484 ஆனது. அதில் மூச்சுக்குழாய் அழற்சியால் இறந்தவர்கள் மட்டும் 76இலிருந்து 704க்கு ஏறினார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், ஏற்கெனவே நெஞ்சு நோயோ இதய நோயோ உள்ளவர்கள். ஆண்டுக்கணக்காக இருமிக்கொண்டே வாழப் பழகியவர்களை அந்த ஐந்து நாள் கொண்டுபோனது.

அரசு என்ன செய்தது? பனிப்புகை நாட்களில் வெளியே போகாதீர்கள், வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்றது. அந்தக் கதகதப்பு எங்கிருந்து வந்தது? அறைக் கணப்பில் எரிந்த அதே நிலக்கரியிலிருந்து. போருக்குப் பிந்தைய கடன் நெருக்கடியில் நல்ல கரி ஏற்றுமதிக்குப் போனது. ஏழை வீடுகளுக்குக் கிடைத்தது பொடியும் புகையுமான மட்டக் கரி. ஆக, அறிவுரையைச் சரியாகப் பின்பற்றிய ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டு நோயாளிக்குப் புகை அனுப்பியது. 1953இல் நெஞ்சு நோயாளிகளுக்கு முகமூடி எழுதித்தர மருத்துவர்களுக்கு அனுமதி கிடைத்தது. மெல்லிய துணியாலான அது கந்தக வாயுவைத் தடுத்து நிறுத்தாது. வீட்டுவசதித் துறை அமைச்சராக இருந்த ஹரோல்டு மேக்மில்லன், நம்மால் பெரிதாக எதுவும் முடியாது, ஆனால் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளலாம் என்ற பொருளில் அமைச்சரவைக்கு ஒரு குறிப்பே அனுப்பினார். அரசியல்வாதிகள் இவ்வளவு நேர்மையாக எழுதிவைப்பது அபூர்வம்.

இந்தச் சூழலில்தான் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் பேட்ரிக் லாதர் என்ற மருத்துவர் எளிய வழி ஒன்றைப் பிடித்தார். நோயாளிகளிடம் சட்டைப்பையில் அடங்கும் சின்ன டைரியைக் கொடுத்து, இன்று மூச்சு எப்படி என்று தினமும் குறிக்கச் சொன்னார்: நன்று, அப்படியே இருக்கிறது, மோசம், ரொம்ப மோசம். விளக்கம் எழுத வேண்டாம், ஒரு குறி போதும். 1950களின் நடுவில் சிறு குழுவோடு தொடங்கியது, அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஆயிரம் பேரைத் தாண்டியது. ஒருவருடைய டைரியில் ஒரு 'மோசம்' எதையும் சொல்லாது. அன்று அவர் படியேறியிருக்கலாம், தூக்கம் கெட்டிருக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கானவர்களின் 'மோசம்' ஒரே தேதியில் விழுந்து, அதே தேதியில் காற்று மாசை அளக்கும் கருவியின் கோடும் எழுந்தால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. லாதரும் அவருடைய சகாக்களும் 1970இல் வெளியிட்ட கட்டுரை ஓர் அளவையே சொன்னது: ஒரு கனமீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாகப் புகை சுமார் 250 மைக்ரோகிராமும் கந்தக டை ஆக்சைடு சுமார் 500 மைக்ரோகிராமும் சேரும்போது நோயாளிகளின் நிலை கண்கூடாக மோசமாகிறது.

ஜன்னல் வழியே மூட்டத்தைப் பார்த்த நோயாளி பயத்திலேயே 'மோசம்' என்று எழுதமாட்டாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், தன் உடம்பைத் தானே மதிப்பிடும் எந்தப் பதிவிலும் இந்த ஓட்டை உண்டு. ஆனால் இறப்புப் பதிவேடு பயப்படாது, ஏர்ல்ஸ் கோர்ட் மாடுகளும் செய்தித்தாள் படிக்கவில்லை. டைரிகளோடு சேர்த்து மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. இன்னொரு மறுப்பு அரசிடமிருந்தே வந்தது. சுமார் 4,000 பேரின் கூடுதல் இறப்பை ஒப்புக்கொண்ட அதிகாரபூர்வ அறிக்கை, டிசம்பர் கடைசிக்குப் பின்னும் குறையாத இறப்புகளை ஃப்ளூ காய்ச்சலின் கணக்கில் எழுதியது. 2001இல் மிஷெல் பெல், டெவ்ரா டேவிஸ் ஆகியோர் அந்தக் கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். மிகச் சிறு பங்குக்குத்தான் ஃப்ளூ காரணமாக இருக்க முடியும், பிப்ரவரி வரை சேர்த்தால் கூடுதல் இறப்பு 12,000 வரை வரும் என்றார்கள்.

சிகரெட் பற்றிய மறுப்புதான் கனமானது. லண்டன்காரர்களின் நெஞ்சைக் கெடுத்தது புகையிலை, புகைபோக்கி அல்ல என்ற வாதத்தில் பாதி உண்மை. சார்ல்ஸ் ஃப்ளெட்சர் குழு 1960களில் லண்டன் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, நுரையீரலின் திறன் வேகமாகக் கரைவதற்குப் புகைப்பழக்கமே முதற்காரணம் என்று காட்டியது. ஆனால் நோயை உண்டாக்குவது ஒன்று, உண்டான நோயை ஒரு குறிப்பிட்ட நாளில் கிளறிவிடுவது வேறொன்று. சிகரெட்டை டிசம்பர் 4 அன்றும் பிடித்தார்கள், 14 அன்றும் பிடித்தார்கள். நடுவில் மாறியது காற்று மட்டுமே. நோயாளியின் பழக்கத்தைச் சுட்டிக்காட்டி ஊரின் புகையை மறைப்பது அன்றைக்கும் வசதியான வாதமாக இருந்தது.

காற்று மாசை ஆராய அரசு அமைத்த ஹியூ பீவர் குழுவின் பரிந்துரையும், தனிநபர் மசோதா கொண்டுவந்த ஜெரால்டு நபாரோவின் நச்சரிப்பும் சேர்ந்து 1956இல் தூய காற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தன. வீட்டுக் கணப்பைச் சட்டம் தொட்டது அங்கே பெரிய விஷயம். ஏழைகளைக் குளிரில் விடுவதா என்ற கேள்விக்கு, கணப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை மானியமாகத் தர வழிசெய்யப்பட்டது. மாற்றம் மெதுவாகவே வந்தது. 1962 டிசம்பரில் மீண்டும் பனிப்புகை மூடியபோது கந்தக வாயு பழைய உயரத்தை நெருங்கியது. புகை மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தது. அப்போதும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கில் அல்ல. 1960களின் பிற்பகுதி டைரிகளில் காற்றுக்கும் மூச்சுக்கும் இருந்த தொடர்பு வெகுவாக மங்கிவிட்டது. இத்தனைக்கும் நோயாளிகள் புதிதாக எதையும் தவிர்க்கக் கற்றுக்கொண்டுவிடவில்லை.

1990களில் கிழக்கு லண்டனில் யாட்விகா வெட்சிகாவின் குழு இதே முறையை மீண்டும் கையிலெடுத்தது. சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் தினமும் அட்டையில் குறித்தார்கள். நிலக்கரிப் புகை இல்லாத அந்த ஊரில் இப்போது மாட்டிக்கொண்டது சாதாரண சளிப்பிடிப்பு: நோய் திடீரென முற்றிய நேரங்களில் பத்தில் நான்கில் சுவாச வைரஸ் இருந்தது. இன்னொன்றையும் அந்த அட்டைகள் காட்டின. நோய் முற்றிய தருணங்களில் ஏறத்தாழ பாதியை நோயாளிகள் மருத்துவரிடம் சொல்லவே இல்லை. இரைப்புக்கு மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால் ஒரு சின்ன டைரியில் தேதியும் நன்று, மோசம் என்ற ஒரு சொல்லும் தினமும் எழுதிவரச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதை எடுத்துப்போகட்டும். அதில் ஊர்க்காற்றே குற்றவாளியாக நின்றால், அந்த டைரி போக வேண்டிய இடம் மாநகராட்சி அலுவலகம்.