விலைபோகாத பொற்காசுகள்

மலேசியத் தமிழர் இல்லங்களில் பொன்னை அளக்கும் சொல்லாகப் 'பவுன்' என்பது இன்றும் வழங்கி வருகின்றது. பிரித்தானிய நாட்டுப் 'பவுண்டு' என்னும் நாணயப் பெயரின் திரிபே அது. 'சவரன்' என்பதும் அந்நாணயத்தின் மற்றொரு பெயர்வழி வந்ததே. 1817இல் புத்துருப் பெற்ற அப்பொற்காசு 22 காரட் தரமுடையது, எடை 7.98 கிராம். அவ்வெடை எட்டுக் கிராமை ஒட்டி நின்றமையால், நாளடைவில் எட்டுக் கிராமே ஒரு பவுன் என்றாயிற்று. காசின் பெயர் எடையின் பெயராக நிலைத்தது. காசோ மறதியில் ஆழ்ந்தது.

அயல்நாட்டுப் பொற்காசு தமிழருக்குப் புதியதன்று. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் வெளிப்பட்டது. அவற்றுட் பலவற்றில் பேரரசரின் முகத்தின்மீது வெட்டுக்குறி காணப்பட்டது. பிற்காலத்தில் வெனிசு நகரப் பொற்காசுகளும் தென்னகக் கரைகளில் செலாவணியாயின. சென்னை மாநிலத்தில் 1818இல் வெள்ளி ரூபாய் முதன்மை பெறும்வரை வராகனே கணக்கிற்கு அடிப்படையாக இருந்தது. தமிழ் வணிகர் செல்வாக்குப் பெற்றிருந்த மலாக்காவைக் கைப்பற்றிய அல்புகெர்க்கு, 1511இல் அங்குப் பொன், வெள்ளி, ஈயக் காசுகளை வெளியிட்டான் என்பதும் வரலாறு.

மலாயாவில் பவுன் காசு அணிகலனாக மட்டும் நில்லாது, பணமாகவும் விளங்கியது. 1906இல் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் வெள்ளி பொன்னோடு இணைக்கப்பட்டபோது, 60 வெள்ளிக்கு 7 பவுன் என்பது விகிதமாயிற்று. அஃதாவது ஒரு பவுன் ஏறத்தாழ 8 வெள்ளி 57 காசு. 1920களின் இறுதியில் தோட்டத்து ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு. எனவே, உண்ணாமல் உடுக்காமல் பதினேழு நாள் உழைத்த கூலியும் ஒரு பவுனுக்குப் போதாது. 1930இல் கூலி 40 காசாகக் குறைந்தபோது இருபத்தொரு நாள் உழைப்பும் போதவில்லை. இக்கணக்கை எண்ணிப் பார்ப்போருக்கு, கிள்ளான் தோட்டத்துத் தாயொருத்தியின் கழுத்திலிருந்த ஒரு காசின் உண்மை மதிப்பு விளங்கும். 1945இல் சப்பானியர் வெளியிட்ட தாட்பணம் செல்லாததாகியபோதும் பொன் தன் மதிப்பை இழக்கவில்லை.

இத்தகைய காசுகள் வறுமை நேர்ந்தபோது அடகுக் கடையை நாடின. மலேசியாவின் 1972ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டம், மீட்பதற்கு ஆறு மாதத் தவணையும், திங்களுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படாத வட்டியும் வகுத்தது. மீட்கப்படாத பெரிய அடகுகள் பொது ஏலத்திற்கு வருகின்றன. அங்கே எடையே மதிப்பு; ஆண்டும் அச்சுச்சாலையும் எவர் கண்ணிலும் படுவதில்லை. எடைக்கு விற்ற பழம்பொன்னின் இறுதி இருப்பிடம் பெரும்பாலும் பொற்கொல்லர் உலையே.

நாணயச் சேகரிப்பாளருக்கென நடைபெறும் ஏலங்களின் முறை வேறு. உடைமையாளர் குறைந்தபட்ச விலையொன்றை வரையறுப்பார். கேட்பு அவ்விலையை எட்டாவிடின் காசு விலைபோகாமல் நின்றுவிடும். அவ்வாறு நின்றவற்றை ஏலம் முடிந்தபின் பேசி வாங்குவது உலக வழக்கம். ஆயின், விலைபோகாமை எப்போதும் வாங்குபவரின் நற்பேறன்று. வரையறுத்த விலை மிகையாக இருந்திருக்கலாம். காசின் உண்மையில் ஐயம் எழுந்திருக்கலாம். காசுமாலைக்கெனப் பொற்கொல்லர் அச்சிட்ட போலிகளும், 1950களில் லெபனானில் உருவான போலிகளும் உலகெங்கும் பரவியுள்ளன. எடை, விட்டம், தரம் ஆகிய மூன்றையும் சோதியாது வாங்குதல் தகாது. ஏல நிறுவனத்தின் தரகுத் தொகையையும் விலையோடு சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

காசு விலைபோகாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அதுவே தமிழரை நேரே தொடுவது. மாலையில் கோப்பதற்காகக் காது பற்றவைத்த தழும்புள்ள காசைச் சேகரிப்பாளர் விரும்புவதில்லை. பழுதுற்றது என ஒதுக்குவர். அவருக்கு அது குறை; வரலாற்று மாணாக்கனுக்கோ அதுவே சான்று. அரசரின் தலை எந்நாட்டுக் காசு என்பதைச் சொல்லும்; தழும்போ அது யார் கழுத்தை அடைந்தது என்பதைச் சொல்லும். புதுக்கோட்டைக் காசுகளின் வெட்டுக்குறியை அறிஞர் இன்று அரிய ஆவணமாக ஆய்கின்றனர். பற்றுவைத் தழும்பு மட்டும் குறையாவது எங்ஙனம்?

பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ பாட்டியின் பெட்டியில் ஒரு பவுன் காசு கிடைக்குமாயின், விற்குமுன் அதனைப் படித்தல் வேண்டும். 1918ஆம் ஆண்டுக் காசில், குதிரைவீரனின் காலடி நிலத்தில் ஆங்கில 'ஐ' எழுத்துச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருப்பின், அது பம்பாயில் அச்சானது. அவ்வாண்டெண் ஒன்றே அங்கு வெளிவந்தது. 'எஸ்' சிட்னியையும், 'எம்' மெல்பர்னையும், 'பி' பெர்த்தையும் குறிக்கும். ஆண்டு, எழுத்து, எடை, தழும்பு, வாங்கிய வரலாறு ஆகியவற்றைக் குறித்துவைக்க மாணாக்கரைப் பயிற்றுவது ஆசிரியர்க்கு அரிய செயலன்று. வறுமை வந்தால் காசு கைமாறலாம். குறிப்பு எஞ்சி நிற்கும். உலையில் உருகிய பொன் மீண்டும் பொன்னாகும்; உருகிய வரலாறு மீண்டும் வரலாறு ஆவதில்லை.