முயற்சிக்கு அடங்காத உறக்கம்: கிள்ளான் பள்ளத்தாக்கில் சாதிக்க முனைவோரும் உடல்–மனத் தளர்வுப் பயிற்சிகளும்

முன்னுரை

தேர்வில் முதலிடம், வேலையில் பதவி உயர்வு, தொழிலில் வளர்ச்சி என்று வேண்டியதையெல்லாம் கடும் உழைப்பால் பெற்றுப் பழகியவர்கள், உழைக்க உழைக்க விலகிப்போகும் ஒன்றை இரவில் எதிர்கொள்கிறார்கள். அதுதான் உறக்கம். நாளைய கூட்டம், முடிக்காத அறிக்கை, பிள்ளையின் எஸ்.பி.எம். தேர்வு ஆகியவை வரிசைகட்டி நிற்க, படுக்கையில் உடல் மட்டும் கிடக்கிறது. மனம் இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது.

இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து இதுதான்: தளர்தல் ஒரு திறன். நீந்தக் கற்பதைப் போல, ஆபத்து வருமுன் அமைதியான பொழுதில் பழகினால்தான் அது தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்கும். அத்திறனைக் கற்பிக்கும் மரபுகள் கோலாலம்பூர்வாசிகளுக்கு நடக்கும் தொலைவிலேயே உள்ளன. அவற்றின் இயங்குமுறை, சான்று, பயன்படுத்தும் ஒழுங்கு, எல்லை ஆகியவற்றைக் கீழ்வரும் பிரிவுகள் ஆராய்கின்றன.

1. ஆய்வுக் களம்

1.1 உழைப்பே ஏணியான சமூகம்

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களில் பலரின் வேர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள். மற்றொன்று, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்கள் வாழ்ந்த பகுதி அது. தோட்டத்து லயத்திலிருந்து வெளியேறப் பலருக்குக் கிடைத்த ஒரே வழி கல்வி. இரவு விளக்கெரிய விழித்துப் படித்த பிள்ளையே குடும்பத்தின் நம்பிக்கையாக இருந்தது. அதனால் உழைப்புக்கு இங்கே அறத்தின் மதிப்பு உண்டு. ஓய்வு சோம்பலின் சாயலோடு பார்க்கப்படுகிறது. மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் கணக்காளராகவும் உயர்ந்தவர்கள்கூட, சும்மா இருக்கும் பத்து நிமிடத்தைக் குற்றவுணர்வோடுதான் கழிக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தை மீட்பதே இவ்வாய்வின் நடைமுறை நோக்கம்.

1.2 சூரியனுக்கு முந்தும் கடிகாரம்

உறக்கம் கெடுவதற்கு இப்பகுதியில் உள்ள மற்றொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்தள்ளப்பட்டு, உலகப் பொதுநேரத்துக்கு 8 மணி முன்னதாக நிறுத்தப்பட்டது. கோலாலம்பூர் ஏறத்தாழ 101.7 பாகை கிழக்கில் இருக்கிறது. அதன் இயற்கையான சூரிய நேரம் கடிகார நேரத்தைவிடச் சுமார் 73 நிமிடம் பின்தங்கியது. இங்கே ஆண்டு முழுவதும் பொழுது விடிவது காலை 7 மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான். பொழுது சாய்வதும் அவ்வாறே மாலை 7 மணியை ஒட்டியோ அதன் பின்னரோ நிகழ்கிறது.

ஏழரை மணிப் பள்ளிக்காக ஐந்தரைக்கு எழும் மாணவர், சூரியக் கணக்கில் நாலேகால் மணிக்கு எழுகிறார். கிள்ளானிலிருந்து முப்பது கிலோமீட்டர் கடந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவர், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பயந்து இருட்டிலேயே காரை எடுக்கிறார். மாலை வெளிச்சமோ நீண்டு, உடலின் இரவைத் தள்ளிப்போடுகிறது. நேர மண்டலங்களின் எல்லைகளை வைத்து அமெரிக்காவில் ஜியுன்டெல்லா, மசோன்னா ஆகியோர் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, மாலையில் ஒரு மணி நேர வெளிச்சம் கூடும்போது மக்களின் உறக்கம் சராசரியாக 19 நிமிடம் குறைவதைக் கண்டது. இரவு முழுதும் திறந்திருக்கும் மாமாக் கடையும், அங்கே பத்து மணிக்கு மேல் குடிக்கும் தே தாரிக்கும், நள்ளிரவைத் தாண்டும் ஐரோப்பியக் கால்பந்து ஒளிபரப்பும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன.

2. உறக்கமின்மையின் இயங்குமுறை

2.1 இரு விசைகள்

1982இல் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்த விளக்கம் இன்றும் அடிப்படையானது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பெருகும் உறக்க அழுத்தம் ஒரு விசை; ஒளியைக் கொண்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும் உடற்கடிகாரம் மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போகும் வேளையில் உறக்கம் தானே வருகிறது. மாலையில் சோபாவில் போடும் குட்டித் தூக்கம் முதல் விசையைக் குறைக்கிறது. நள்ளிரவுத் திரைவெளிச்சம் இரண்டாவதைக் குழப்புகிறது.

2.2 மிகை விழிப்பு

இரு விசைகளும் சரியாக இருந்தும் உறங்காதவர்கள் உண்டு. இவர்களுடைய உடலின் அபாய ஏற்பாடு அணையாமல் இருக்கிறது. பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்பட்ட நிலையில் இதயத் துடிப்பு விரைகிறது. கார்டிசால் சுரப்பு இரவிலும் தணிவதில்லை. தாடை, தோள், வயிறு ஆகியவை அறியாமலே இறுகியிருக்கின்றன. சாதிக்க முனைவோரைப் பகலில் விழிப்போடு வைத்திருக்கும் அதே ஏற்பாடுதான் இது.

2.3 முயற்சியின் பொறி

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் கொலின் எஸ்பியும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் உறக்கமின்மையின் போக்கை மூன்று படிகளாக விளக்கினர்: உறக்கத்தின் மீது கவனம் செல்லுதல், உறங்கியே தீரவேண்டும் என்ற எண்ணம், அதற்கான முயற்சி. நல்ல உறக்கம் உடையவர் இம்மூன்றும் இல்லாமல் உறங்குகிறார். வெற்றி பெற்றுப் பழகியவரோ உறக்கத்தையும் ஓர் இலக்காக்கிவிடுகிறார். கைக்கடிகாரக் கருவி காட்டும் உறக்க மதிப்பெண்ணைக் காலையில் பார்த்துக் கவலைப்பட்டு, அக்கவலையாலேயே அடுத்த இரவைக் கெடுத்துக்கொள்ளும் போக்கை 2017இல் கெல்லி பேரனும் உடன் ஆய்வாளர்களும் பதிவுசெய்தனர். தளர்வுப் பயிற்சியையும் இவ்வாறே தேர்வாக மாற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதை இவ்விடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

3. மலாயாவோடு பிணைந்த மரபுகள்

3.1 பத்தமடை மருத்துவர்

யோக வழித் தளர்வுக்கும் இந்த மண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி, தஞ்சையில் மருத்துவம் பயின்றவர்; திருச்சியில் ‘அம்ப்ரோசியா’ என்ற உடல்நல இதழை நடத்தியவர். 1913இல் மலாயாவுக்கு வந்து சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூரிலுமாகச் சுமார் பத்தாண்டுகள் பணியாற்றினார். 1923இல் தாயகம் திரும்பி, பின்னர் துறவு பூண்ட அவரே சுவாமி சிவானந்தர். 1936இல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அதன் மலேசியக் கிளையின் ஆசிரமம் இன்று பத்துமலையில் உள்ளது.

அவருடைய சீடர்களில் ஒருவரான சுவாமி சத்யானந்த சரஸ்வதி (1923–2009), நியாசம் என்னும் பழைய தாந்திரிக முறையை எளிமையாக்கி, இன்று உலகெங்கும் அறியப்பட்ட யோக நித்திரைப் பயிற்சியை வடிவமைத்தார். அது குறித்த அவருடைய நூல் 1976இல் வந்தது. தோட்டத் தொழிலாளரின் நோயைத் தீர்க்க வந்த மருத்துவரின் சீட மரபில் உருவான பயிற்சி, அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுடைய உறக்கத்துக்கு உதவக்கூடியதாக இருக்கிறது.

தமிழகத்தில் கூடுவாஞ்சேரியில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த எளியமுறை உடற்பயிற்சியிலும் உடல் தளர்த்தல் இடம்பெறுகிறது. அவருடைய மனவளக்கலை மன்றங்கள் வழியே அது மலேசியாவிலும் பரவியது.

3.2 பிரிக்பீல்ட்ஸ்: ஒரே வட்டாரத்தில் பல வழிகள்

1894இல் தோன்றிய பௌத்த மகா விகாரையில் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி மரபு இருக்கிறது. 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமமும், கோயில்களில் ஒலிக்கும் மந்திரமும், தேவாலயங்களில் சொல்லப்படும் செபமாலையும் இதே வட்டாரத்தில்தான். பார்வையற்றோர் நடத்தும் உடற்பிடி நிலையங்களுக்கும் பிரிக்பீல்ட்ஸ் பெயர்பெற்றது. இறுகிய தசை எங்கே இருக்கிறது என்பதையே பலர் அங்கேதான் முதலில் உணர்கிறார்கள். சமயமும் வழியும் வேறுபட்டாலும், மெதுவான மூச்சு, ஒரே பொருளில் தங்கும் கவனம், இறுக்கமில்லாத உடல் ஆகியவை இவற்றுக்குப் பொதுவாக இருக்கின்றன.

4. பயிற்சிகளின் வகைப்பாடும் சான்றும்

4.1 தசை வழி

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் வெளியிட்ட படிப்படித் தசைத் தளர்வு முறை இவ்வகைக்கு முன்னோடி. ஒரு தசைக் கூட்டத்தைச் சில நொடிகள் இறுக்கி, பிறகு விட்டுவிட்டு, இரண்டு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பதே இதன் சாரம். கை, முகம், தோள், வயிறு, கால் என்று வரிசையாகச் செல்லலாம். எண்ணங்களை நிறுத்தத் தெரியாதவருக்கும் கையை இறுக்கத் தெரியும். ஆகவே தொடங்குவோருக்கு இதுவே ஏற்றது. சமயச் சார்பு எதுவும் இல்லாததால் பல இனத்தவர் பணிபுரியும் அலுவலகத்திலும் தயக்கமின்றிக் கற்பிக்கலாம்.

4.2 மூச்சு வழி

நிமிடத்துக்கு ஆறு முறை என்ற அளவுக்கு மூச்சு மெதுவாகும்போது, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் ஒத்திசைகின்றன. ஓய்வுக்குரிய துணைப்பரிவு நரம்பு மண்டலம் மேலோங்குகிறது. லூசியானோ பெர்னார்டியின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு, செபமாலை சொல்லும்போதும் யோக மந்திரம் ஓதும்போதும் மூச்சு இந்த ஆறு என்ற அளவுக்கே தணிவதை 23 பேரிடம் கண்டது. நான்கு எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஆறு எண்ணிக்கைக்கு விடுவது எளிய வடிவம். மூச்சை அடக்க வேண்டியதில்லை.

4.3 கவன வழி

யோக நித்திரையில் பயில்பவர் மல்லாந்து படுத்து, குரலைப் பின்பற்றி, வலக்கைக் கட்டைவிரலிலிருந்து உடலின் ஒவ்வோர் உறுப்பாகக் கவனத்தை நகர்த்துகிறார். பிறகு மூச்சு, பாரமும் இலேசும் போன்ற எதிர்நிலை உணர்வுகள், மனக்காட்சிகள் என்று பயிற்சி செல்கிறது. கவனம் விரைந்து இடம் மாறுவதால், ஒரே கவலையைச் சுற்றிவர மனத்துக்கு இடமில்லாமல் போகிறது. யோக நித்திரையை, உறக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 2021இல் இந்தியாவில் வெளியான ஆய்வு, இரு பிரிவினரிடமும் முன்னேற்றம் இருந்ததைக் காட்டியது. லாஸ் ஏஞ்சலிஸில் முதியோர் 49 பேரிடம் டேவிட் பிளாக் குழு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வார விழிப்புணர்வுத் தியானம் பெற்றவர்கள், உறக்க அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட நன்கு உறங்கினர். இவை சிறிய ஆய்வுகள். நம்பிக்கை தருபவை, முடிந்த முடிவு அல்ல.

4.4 மருத்துவ வழிகாட்டுதல்களில் இவற்றின் இடம்

தொடர் உறக்கமின்மைக்கு அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சையே முதற்சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. தளர்வுப் பயிற்சி அச்சிகிச்சையில் பெரும்பாலும் ஓர் அங்கமாக இருக்கிறது. 2021இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் தளர்வுச் சிகிச்சையைத் தனித்துப் பயன்படுத்தவும் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. வெறும் உறக்க அறிவுரைகளை மட்டும் தருவதைத் தனிச் சிகிச்சையாக ஏற்கவில்லை. அறிவுரை கேட்பதால் மட்டும் உறக்கம் வந்துவிடாது, பயிற்சி வேண்டும் என்பதே இதன் பொருள்.

5. நடைமுறை ஒழுங்கு

முதற்படி, பகல் பயிற்சி. மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம், நாற்காலியிலேயே தசைத் தளர்வு செய்யலாம். கொமுட்டர் இரயிலிலோ எல்.ஆர்.டி.யிலோ அமர இடம் கிடைத்தால் நீண்ட வெளிமூச்சுப் பயிற்சியும் பொருந்தும். கார் ஓட்டும்போது எந்தத் தளர்வுப் பயிற்சியும் கூடாது. முதல் இரு வாரங்கள் இப்பயிற்சியை உறக்கத்தோடு இணைக்காமலே பழகுவது நல்லது. அப்போதுதான் பலன் வந்ததா என்று ஒவ்வோர் இரவும் சோதிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளாது.

இரண்டாம் படி, நாளை மூடுதல். மறுநாள் செய்யவேண்டியவற்றை ஐந்து நிமிடம் தாளில் எழுதிவைத்துப் படுத்தவர்கள், முடித்த பணிகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கியதை மைக்கேல் ஸ்கல்லின் குழு 2018இல் 57 பேரிடம் கண்டது. பட்டியல் விரிவாக இருந்தவர்களுக்குப் பலனும் மிகுந்தது.

மூன்றாம் படி, காபியும் தேநீரும். உறங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்பு உட்கொண்ட 400 மில்லிகிராம் காஃபின்கூட உறக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைப்பதை 2013இல் கிறிஸ்டோபர் டிரேக் குழு காட்டியது. மாமாக் கடைச் சந்திப்பை விடவேண்டியதில்லை. அங்கே குடிப்பதை மாற்றினால் போதும்.

நான்காம் படி, படுக்கை. யோக நித்திரையோ உடலை வரிசையாகக் கவனிப்பதோ இங்கே பொருந்தும். இருபது நிமிடம் அளவுக்குப் புரண்டதாகத் தோன்றினால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பவேண்டும். ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த தூண்டல் கட்டுப்பாட்டு முறையின் மையம் இது. கடிகாரம் பார்வையில் படக்கூடாது.

ஐந்தாம் படி, காலை. வார இறுதியிலும் ஒரே நேரத்தில் எழுந்து, பொழுது விடிந்ததும் சிறிது நேரம் வெளியில் நடப்பது, 1.2இல் கூறிய கடிகாரப் பிழையை ஓரளவு ஈடுசெய்யும்.

6. எல்லைகளும் எச்சரிக்கைகளும்

உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்றுபோதல், பகலில் தாங்கமுடியாத தூக்கம் ஆகியவை இருந்தால் அது உறக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். நீரிழிவும் உடற்பருமனும் மிகுந்த நம் சமூகத்தில் இதைத் தியானத்தால் சமாளிக்க முயல்வது ஆபத்து; மருத்துவப் பரிசோதனை வேண்டும். மனச்சோர்வும் அதிகாலை விழிப்பும் சேர்ந்து நீடித்தாலும் அவ்வாறே. சிலருக்குத் தளரத் தொடங்கியதும் பதற்றம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, குறைந்த நேரம், பயிற்றுநர் துணையோடு பழகலாம். உறக்க மாத்திரை எடுப்பவர்கள் தாமாகவே அதை நிறுத்தக்கூடாது.

வேறோர் எல்லை சமூகத்தைச் சார்ந்தது. ஐந்து மணி நேரமே படுக்கையில் இருக்க வாய்ப்புள்ளவருக்கு எந்தப் பயிற்சியும் ஏழு மணி உறக்கத்தைத் தராது. 2023 ஜனவரி 1 முதல் மலேசிய வேலைச் சட்டம் வார வேலைநேரத்தை 48இலிருந்து 45 மணியாகக் குறைத்தது. நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்கும் உரிமையையும் தந்தது. முதலாளி 60 நாளுக்குள் பதில் தரவேண்டும். ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் ஊதியம் பெறுவோருக்குச் சட்டப்படியான மிகைநேரச் சம்பளம் இல்லை. எனவே சாதிக்க முனைவோரின் கூடுதல் உழைப்புக்கு விலையும் இல்லை, வேலியும் இல்லை. தளர்வுப் பயிற்சியை ஏற்பாடு செய்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை அனுப்பும் நிறுவனம், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்கிறது.

முடிவுரை

உறக்கத்தை வரவழைக்கும் வலிமை யாருக்கும் இல்லை. அது வருவதற்குத் தடையாக நிற்கும் விழிப்பைத் தணிக்கும் திறனை எவரும் பழகலாம். அத்திறன் தசை வழியாகவும் மூச்சு வழியாகவும் கவனத்தின் வழியாகவும் கைவரும் என்பதையும், பகலிலேயே பழகப்பட வேண்டியது என்பதையும், நேரமும் மருத்துவமும் தேவைப்படும் இடத்தில் அதனால் அவற்றுக்கு ஈடாக முடியாது என்பதையும் இவ்வாய்வு காட்டியது.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நடக்கும் ஒவ்வொரு டியூஷன் வகுப்பும் தன் கடைசிப் பத்து நிமிடத்தைத் தசைத் தளர்வுக்குக் கொடுக்கலாம். ஆலய மண்டபங்களும் ஆசிரமங்களும் மாலையில் யோக நித்திரை வகுப்பை நடத்தலாம். பெற்றோர் விளக்கணைக்கும் நேரத்தைப் பாடநேரம் போலவே காக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. விழித்திருந்து உழைத்து ஒரு தலைமுறையைத் தோட்டத்திலிருந்து மேலேற்றிய சமூகம், அடுத்த தலைமுறைக்குத் தரவேண்டிய கல்வியில் ஓய்வெடுக்கும் அறிவும் அடங்கும்.