200 கிலோமீட்டர் கட்டத்தில் தொலைந்த மலை

கோயம்புத்தூர் நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை. அதே மாவட்டத்து வால்பாறையில் 3000-ஐத் தாண்டிவிடும். நடுவில் இருப்பது மலை, அவ்வளவுதான். ஆனால் 2000-ஆம் ஆண்டு வாக்கில் உலகக் காலநிலையைக் கணித்துவந்த கம்ப்யூட்டர் மாதிரிகளைக் கேட்டிருந்தால், இரண்டும் ஒரே ஊர் என்றுதான் சொல்லியிருக்கும்!

காரணம் எளிது. இந்த மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்ளும். ஒரு கட்டத்துக்கு ஒரு வெப்பம், ஒரு காற்று, ஒரு மழை. அன்று கட்டத்தின் அகலம் பெரும்பாலும் 200 முதல் 300 கிலோமீட்டர். அதற்குள் கடலையும் சமவெளியையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சின்ன மேடாகச் சுருங்கிவிடும். உலகம் எத்தனை டிகிரி சூடாகும் என்ற கேள்விக்கு இது போதும். எங்கள் அணைக்குத் தண்ணீர் வருமா என்ற கேள்விக்குப் போதாது.

கட்டம் போட்டுக் கணக்குப் பார்க்கும் யோசனை பழையது. இங்கிலாந்தின் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, 1910 மே 20-ஆம் தேதி வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. உண்மையில் அது அசையவே இல்லை என்று சொல்லலாம். மனிதர் அதை ஒளிக்காமல் 1922-இல் புத்தகமாகவே போட்டுவிட்டார்!

1967-இல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும், கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் பூமி சுமார் 2.3 டிகிரி சூடாகும் என்று கணக்கிட்டார்கள். அதற்குக் கட்டமே தேவைப்படவில்லை, ஒரே ஒரு காற்றுத் தூண் போதுமாயிருந்தது. (மனாபேவுக்கு நோபல் கிடைத்தது 2021-இல்.) உலகத்துக்கான பதில் மலிவு. ஊருக்கான பதில்தான் விலை அதிகம்.

எவ்வளவு அதிகம்? கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். கணக்கு தடுமாறாமல் இருக்க, நேரத்தையும் பாதியாக நறுக்க வேண்டும். ஆக வேலை எட்டு மடங்கு. 200 கிலோமீட்டரை 20 ஆக்க வேண்டுமானால் ஆயிரம் மடங்கு!

இந்தச் செலவைத் துணிந்து செய்தது ஜப்பான். கியோட்டோ ஒப்பந்தம் உருவான அதே 1997-இல் திட்டம் தொடங்கி, 2002 மார்ச்சில் யோகஹாமாவில் 'எர்த் சிமுலேட்டர்' இயங்க ஆரம்பித்தது. 5120 பிராசஸர்கள், வினாடிக்குச் சுமார் 36 லட்சம் கோடி கணக்குகள். அதுவரை முதலிடத்தில் இருந்த அமெரிக்கக் கம்ப்யூட்டரின் வேகம் 7 லட்சம் கோடி சொச்சம்தான். அது அணு ஆயுதக் கணக்குகளுக்காகக் கட்டியது, இது மழைக்கும் கடலுக்கும் நிலநடுக்கத்துக்கும். திட்டத்தை முன்நின்று நடத்திய ஹாஜிமே மியோஷி, இயந்திரம் ஓடுவதைப் பார்க்காமலே 2001 நவம்பரில் இறந்துபோனார்.

இதில்தான் 20 கிலோமீட்டர் கட்டத்தில் உலகம் முழுவதையும் ஓட்டினார்கள். 2006-இல் வந்த ஒரு முடிவு: சூடான உலகில் வெப்பமண்டலப் புயல்களின் மொத்த எண்ணிக்கை சுமார் 30 சதவீதம் குறையலாம், ஆனால் வலுவான புயல்கள் கூடலாம்.

நமக்கு நெருக்கமானது 2008-இல் வந்தது. கே. ராஜேந்திரனும் அகியோ கிட்டோவும் அதே 20 கிலோமீட்டர் மாதிரியில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையைப் பார்த்தார்கள். நாட்டின் உட்பகுதிகளில் மழை கூடுகிறது. கேரளா, கர்நாடகா மேற்குக் கரையில் மலை மோதிப் பெய்யும் மழை குறைகிறது. பெரிய கட்டத்தில் மலையே இல்லாதபோது இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணி அணை, மலைக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக இதை ஜோசியம் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரே ஒரு மாதிரி, ஒரே ஒரு புகை வெளியீட்டுக் கற்பனை. 20 கிலோமீட்டரிலும் மழை மேகத்தை நேராகக் கணிக்க முடியாது, சூத்திரம் வைத்துத் தோராயமாகத்தான் நிரப்ப வேண்டும். பருவத்தின் மொத்த மழை குறைவதும், 2018 ஆகஸ்டில் கேரளா பார்த்தது மாதிரி சில நாளில் கொட்டித் தீர்ப்பதும் வேறு வேறு கேள்விகள். படம் துல்லியமாகத் தெரிவதாலேயே அது சரி என்று ஆகிவிடாது.

மேகத்தையே நேராகப் பிடிக்கும் முயற்சியும் அதே யோகஹாமா இயந்திரத்தில் நடந்தது. நிகாம் என்ற மாதிரியை 3.5 கிலோமீட்டர் வரை கொண்டுபோய் 2007-இல் வெளியிட்டார்கள். ஆனால் ஓட்ட முடிந்தது சில நாட்களின் வானிலையைத்தான். பத்தாண்டுக் கணக்கில் ஓட்டும் வேலையை இப்போது ஐரோப்பாவின் 'டெஸ்டினேஷன் எர்த்' திட்டம் 5 முதல் 10 கிலோமீட்டர் கட்டத்தில் செய்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். யோகஹாமாவின் 20 கிலோமீட்டர் மாதிரியில் அது ஒன்றரைக் கட்டம். 5 கிலோமீட்டரில் ஆறு கட்டம்.