வழித்துணை என்னும் அச்சம்

1810ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றிய ஜெனரல் செயின்ட் லெஜர் தம் சிப்பாய்களுக்கென ஓர் எச்சரிக்கை ஆணை பிறப்பித்தார். விடுப்பில் சொந்த ஊருக்குப் புறப்பட்ட சிப்பாய்கள் பலர் ஊர் போய்ச் சேரவில்லை; விடுப்பு முடிந்து படைக்கும் திரும்பவில்லை. அவர்கள் படையைவிட்டு ஓடிப்போனதாகவே முதலில் கருதப்பட்டது. கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட தோவாப் பகுதியில் அவர்கள் வழியிலேயே கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னரே தெரியவந்தது.

வழியில் வந்து சேர்ந்துகொள்ளும் அந்நியரை நம்பலாகாது. 'விடியப் போகிறது, புறப்படலாம்' என்று சத்திரத்தில் எவரேனும் நள்ளிரவில் எழுப்பினால் உடன் செல்லலாகாது. சேர்த்து வைத்த சம்பளத்தை நாணயமாக இடுப்பில் முடிந்துகொண்டு நடக்காமல், கருவூலத்தில் செலுத்தி மாற்றுச்சீட்டாகப் பெற்றுச் செல்ல வேண்டும். ஆணையின் சாரம் இதுதான். வாளும் துப்பாக்கியும் பழகிய ஆண்களுக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை இது. காட்டையோ இருளையோ கண்டு அஞ்சும்படி அது சொல்லவில்லை. உடன் நடப்பவனைக் கண்டு அஞ்சச் சொன்னது.

பழந்தமிழ் இலக்கியத்தில் பாலை வழியில் மறைந்திருந்து தாக்குவோருக்கு 'ஆறலை கள்வர்' என்று பெயர். வழியை மறித்து, வழிச்செல்வோரை அலைத்துப் பறிப்பவர்கள் அவர்கள். அவர்களின் பகை வெளிப்படையானது. மத்திய இந்தியாவின் தக்கர்கள் இவ்வகையினர் அல்லர். அவர்கள் வழியை மறிக்கவில்லை, வழியைப் பகிர்ந்துகொண்டார்கள். சமஸ்கிருதத்தில் மறைத்தலைக் குறிக்கும் ஒரு வேரிலிருந்து வந்த சொல் 'தக்'. இந்தியில் இன்றும் அது ஏமாற்றுபவனையே குறிக்கிறது. ஆங்கிலத்தில் புகுந்த பிறகுதான் அதே சொல் முரடனுக்கு உரியதாயிற்று. சொல் கடல் கடந்தபோது பொருளின் மையமே இடம் மாறிவிட்டது.

அக்காலப் பயணத்தை எண்ணிப் பார்த்தால், அந்த ஏமாற்று எவ்வளவு எளிதாக இருந்தது என்பது விளங்கும். மழைக்காலம் முடிந்து சாலைகள் உலர்ந்ததும் ஆயிரக்கணக்கானோர் நடக்கத் தொடங்குவர். விடுப்பில் செல்லும் சிப்பாய்கள், காசிக்கும் பிரயாகைக்கும் செல்லும் யாத்திரிகர்கள், வேலை தேடிப் புறப்பட்டவர்கள், வங்கியர்களின் வெள்ளியையும் நகைகளையும் மறைத்துச் சுமக்கும் கூலியாட்கள் என அனைவரும் ஒரே சாலையில் நடந்தனர். ஊரிலிருந்து புறப்பட்டவரைப் பற்றிய செய்தி மாதக்கணக்கில் வராவிட்டால் அதை எவரும் விபரீதமாக எண்ணியதில்லை. செய்தி வராதிருப்பதே அக்காலத்தின் இயல்பு. குவாலியர், போபால், புந்தேல்கண்டின் சிறு அரசுகள், கம்பெனியின் மாவட்டங்கள் என ஒரே சாலை பல எல்லைகளைக் கடந்து சென்றது. ஓர் அரசின் கிணற்றில் கிடைத்த உடல் வேறோர் அரசின் குடிமகனுடையது. அவனைத் தேடும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

இவ்வாறு நடப்பவர்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு கூட்டம். தனியாகச் செல்பவர் மூவரோடு சேர்வார். மூவர் பதின்மரோடு சேர்வர். தக்கர்களின் தொழில் இந்த வழக்கத்தின் மீதுதான் நின்றது. நயமான உடையில், நயமான பேச்சில், இரண்டு மூன்று பேர் சத்திரத்தில் வந்து அறிமுகமாவார்கள். தாங்களும் அதே ஊருக்குத்தான் செல்வதாகச் சொல்வார்கள். வழியில் தக்கர் நடமாட்டம் இருப்பதாகக் கேள்வி, ஆகவே சேர்ந்து போவதே நல்லது என்று தக்கர்களே சொல்வதும் உண்டு. பிறகு வேறொரு சிறு கூட்டம் தற்செயலாக வந்து இணைந்துகொள்ளும். அடுத்த நாள் இன்னொன்று. பயணிக்கு மனம் நிம்மதியடையும். இத்தனை பேர் நடுவில் தான் பத்திரமாக இருப்பதாக அவர் எண்ணும் பொழுதில், அவரைச் சுற்றி அவரைத் தவிர அந்நியர் ஒருவரும் இருக்க மாட்டார். சில சமயம் இந்தத் தோழமை பல நாட்களும் நூறு மைல்களும் நீடித்தது. பயமே இல்லாத ஒருவரை இப்படிப் பிடித்திருக்க முடியாது; அஞ்சியவர்தான் துணை தேடினார்.

இவற்றையெல்லாம் விரிவாக எழுதிவைத்தவர் வில்லியம் ஹென்றி ஸ்லீமன். 1822 முதல் 1824 வரை நர்சிங்பூர் மாவட்டத்தின் நிர்வாகம் அவர் கையில் இருந்தது. தம் மாவட்டத்தில் ஒரு சிறு திருட்டுகூடத் தமக்குத் தெரியாமல் நடக்காது என்று அவர் நம்பியிருந்தார். தம் நீதிமன்றத்திலிருந்து நானூறு கஜத் தொலைவுகூட இல்லாத கந்தேலி கிராமத்தில் தக்கர் கூட்டம் ஒன்று குடியிருந்ததும், ஒரு நாள் நடைத்தொலைவில் இருந்த தோப்பு மத்திய இந்தியாவின் பெரும் கொலைக்களங்களுள் ஒன்றாக விளங்கியதும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவருக்குத் தெரியவந்தன. பழகாத வழியில் பயணி உணர்ந்த திகைப்புக்கும், பழகிய மாவட்டத்தில் அதிகாரி உணர்ந்த இந்தத் திகைப்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பயணிக்குத் தம் திகைப்பைப் பதிவுசெய்ய வாய்ப்பில்லை. அதிகாரிக்கு அரசு இயந்திரமே கையில் இருந்தது.

1836இல் கல்கத்தாவில் வெளிவந்த ஸ்லீமனின் நூலுக்குப் பெயர் 'ராமசீயானா'. குற்றவியல் வரலாற்றில் இது விந்தையான நூல். ஏனெனில் அடிப்படையில் இஃது ஓர் அகராதி. தக்கர்கள் தமக்குள் பேசிய 'ராமசி' என்னும் மறைமொழியின் சொற்களை, அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாறிய தக்கர்களிடமிருந்தே கேட்டுத் தொகுத்திருந்தார் அவர். மறைமொழி என்றாலும் தனிமொழி என்று கொள்ள வேண்டியதில்லை. இலக்கணமும் வினைமுடிவுகளும் இந்துஸ்தானிக்கு உரியவை; பெயர்களும் சில வினைகளும் மட்டுமே மாற்றப்பட்டவை. தமிழ் இலக்கணத்தார் 'குழூஉக்குறி' என்று வகுத்தது இதைத்தான். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். தொழில் செய்யும் எந்தக் குழுவுக்கும் வெளியார் காதுக்கு எட்டக்கூடாத சில சொற்கள் தேவைப்படுகின்றன.

ராமசியும் ஒரு தொழிலின் சொற்தொகுதிதான்; அதைப் படிப்பவரை உறையச் செய்வதும் அந்தத் தொழில்தன்மையே. நயமாகப் பேசிப் பயணியை இணங்கவைப்பவன் 'சோத்தா'. கழுத்தில் துணியிட்டு நெரிப்பவன் 'பர்தோட்'. கொல்வதற்கேற்ற இடத்துக்கு ஒரு பெயர், அவ்விடத்தைத் தேர்ந்தெடுப்பவனுக்கு ஒரு பெயர், குழி தோண்டுபவனுக்கு ஒரு பெயர். பயணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பனிஜ்'. வணிகச் சரக்கு என்பது அதன் பொருள். கொலைக்கான சைகை 'ஜிர்னி' எனப்பட்டது. ஆயினும் அந்தச் சைகைக்காக உரக்கச் சொல்லப்பட்டது மறைசொல் அன்று. 'புகையிலை கொண்டு வா' என்பது போன்ற சாதாரணப் பேச்சு. பயணியின் காதில் கடைசியாக விழுந்த வாக்கியம் அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

ஸ்லீமன் எழுதியவற்றை அப்படியே ஏற்கலாமா என்பது வரலாற்றாசிரியர்களிடையே நீண்டகாலமாக நடந்துவரும் வழக்கு. தக்கர்கள் காளி வழிபாட்டால் பிணைந்த, நாடு தழுவிய, பரம்பரைக் கொலைச் சமயத்தார் என்னும் சித்திரம் அவர் வழியே உலகெங்கும் பரவியது. ஃபிலிப் மெடோஸ் டெய்லர் 1839இல் எழுதிய 'ஒரு தக்கின் ஒப்புதல்கள்' என்னும் நாவல் அதற்கு மேலும் வண்ணம் பூசியது. ஸ்லீமனின் பேரர் 1933இல் எழுதிய நூலின் தலைப்பே பத்து லட்சம் கொலைகளைப் பேசியது. அந்த எண்ணுக்கு ஆதாரம் பெருக்கல் கணக்கு மட்டுமே. தக்கர் என்போர் முழுக்க முழுக்கக் காலனிய அரசின் கற்பனை என்று எதிர்த்திசையில் வாதிட்டோரும் உண்டு. கிம் வாக்னர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இவ்விரண்டையும் ஏற்கவில்லை. கொலைகள் உண்மை, கிணறுகளில் கிடைத்த உடல்களும் உண்மை. ஆனால் கொன்றவர்கள் ஒரு சமயக் கூட்டம் அல்லர். அவர்களில் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். பலர் மற்ற மாதங்களில் உழுது பயிரிட்டவர்கள்; கொள்ளையில் பங்கு பெற்ற ஊர்ப் பெரியவர்களின் நிழலில் வாழ்ந்தவர்கள். கிடைத்துள்ள சான்றுகளுக்கு இந்த விளக்கமே பெரிதும் பொருந்துகிறது. சமயவெறி என்னும் விளக்கத்தில் ஒரு வசதி உண்டு: பங்கு வாங்கிய ஜமீன்தார்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.

ஆனால் சட்டம் வரலாற்றாசிரியர்களுக்காகக் காத்திருக்கவில்லை. அகராதி வெளிவந்த அதே 1836இல் முப்பதாம் சட்டம் இயற்றப்பட்டது. கம்பெனி ஆட்சிப் பகுதிக்கு உள்ளேயோ வெளியேயோ, சட்டம் வருவதற்கு முன்போ பின்போ, ஏதேனும் ஒரு தக்கர் கூட்டத்தைச் சேர்ந்திருந்தார் என்று மெய்ப்பிக்கப்பட்ட எவருக்கும் கடுங்காவலுடன் ஆயுள் சிறை. எந்தக் கொலை, யாருடைய கொலை, என்று நடந்த கொலை என்று காட்ட வேண்டிய தேவை இல்லை. சேர்ந்திருந்ததே குற்றம். 'தக்' என்றால் யார் என்பதைச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. ராமசியின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதிய ஆட்சி, இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் எழுதாமல் விட்டுவிட்டது! 1826 தொடங்கி 1840 வரை ஏறத்தாழ 3,700 பேர் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டனர். நானூறு பேருக்கு மேல் தூக்கிலிடப்பட்டனர். பெரும்பாலானோரின் விதியை முடிவுசெய்தது சாட்சியாக மாறிய சக தக்கரின் வாய்மொழி. அந்தச் சாட்சியின் உயிரோ, அவர் தொடர்ந்து சாட்சி சொல்வதைப் பொறுத்திருந்தது. தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் குற்றத்தின் பெயரைப் பச்சை குத்தும் வழக்கமும் இருந்தது.

சாலைகள் இதனால் பாதுகாப்படைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. இயற்கையாகவே மாறிவந்த வேறு சிலவும் துணைநின்றன: நல்ல சாலை, தபால், 1853க்குப் பிறகு இருப்புப்பாதை. நடந்து செல்பவர்கள் குறைந்தனர். ஆனால் தக்கர்களைப் பிடிப்பதற்கென உருவான துறை கலைக்கப்படவில்லை. தக்கர் - கொள்ளையர் துறை என்ற பெயரில் 1904 வரை அது நீடித்தது. சாலையில் தேட வேண்டியவர்கள் அருகிப்போன பின்னரும் தேடும் பழக்கம் எஞ்சியது. அதன் பார்வை படிப்படியாக, சாலையையே வீடாகக் கொண்டவர்கள் மீது திரும்பியது.

பஞ்சாராக்களை எடுத்துக்கொள்ளலாம். காளைகளின் முதுகில் உப்பையும் தானியத்தையும் ஏற்றிக்கொண்டு, படைகளுக்குக்கூட உணவு கொண்டு சேர்த்தவர்கள் அவர்கள். இருப்புப்பாதை வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. தொழிலின்றி அலைபவர் ஐயத்துக்கு உரியவர் என்ற கண்ணோட்டம் அவர்கள் மீதும், சான்சிகள், கஞ்சர்கள் போன்ற அலைகுடிகள் மீதும் விழுந்தது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. முப்பதாம் சட்டத்தில் 'கூட்டம்' இருந்த இடத்தில் இப்போது 'குலம்' வந்து அமர்ந்தது. கூட்டத்தில் ஒருவர் சேர வேண்டும். குலத்தில் பிறந்தாலே போதும். பெயர்ப் பதிவேடு, தலையெண்ணிக்கை, குறித்த எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு. சீட்டில்லாமல் வெளியூரில் காணப்பட்டால் பிடியாணை இன்றிக் கைது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை மாவட்டத்தின் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று பிறமலைக் கள்ளர்கள் பதிவேட்டை எதிர்த்து நின்றபோது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் உயிரிழந்தனர்.

அலைகுடிகளின் மறைமொழிகளும் தொகுக்கப்பட்டன. கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழியியல் அளவாய்வின் பதினொன்றாம் தொகுதி 1922இல் வெளிவந்தது. சான்சி, கஞ்சர், நட், டோம் முதலியோரின் பேச்சை 'ஜிப்சி மொழிகள்' என்ற தலைப்பின் கீழ் அது ஆராய்கிறது. கசாப்புக் கடைக்காரர்களின் குழூஉக்குறியும் அதே தொகுதியில் இடம்பெற்றுள்ளது. ஒரு சொல்லின் முதலெழுத்தை மாற்றுவது, இடையில் ஓர் அசையைச் செருகுவது எனச் சிறுவர்கள் விளையாட்டாகப் பேசும் 'க' பாஷைக்கு நெருக்கமான உத்திகளே அவற்றில் பலவும். அறிவியல் நோக்கில் அது சிறந்த தொகுதி. ஆயினும் மறைவாகப் பேசும் தேவை அந்த மக்களுக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்கு அக்காலப் பொது வழக்கில் ஒரே விடைதான் புழங்கியது: திருடுவதற்காக. புது ஊரின் எல்லையில் கூடாரமடித்து, ஊர்க்காவலரும் போலீசும் கேட்கும் தூரத்தில் பிள்ளைகளோடு இரவைக் கழிக்க வேண்டியவர்களுக்கும் தமக்குள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டியவை இருந்திருக்கும் என்று எண்ணியவர் அரிது.

1810இன் சிப்பாய்க்குச் சொல்லப்பட்டது, அந்நியரிடம் உன்னைப் பற்றி எதையும் சொல்லாதே என்பது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அலைகுடி ஒருவர் தாம் யார், எங்கிருந்து வருகிறார், இரவு எங்கே தங்குவார் என்பதையெல்லாம் அந்நியரான ஓர் அதிகாரியிடம் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இருவரும் ஒரே சாலையில் ஒரே காரணத்துக்காக அஞ்சியவர்கள்: அடுத்த ஊரில் யார் எதிர்ப்படுவார், அவர் தம்மை என்ன செய்வார் என்பது தெரியாத அச்சம். முதலாமவரின் அச்சத்துக்குச் சட்டமும் துறையும் அகராதியும் கிடைத்தன. இரண்டாமவரின் அச்சத்தைக் கேட்டுத் தொகுக்க எந்த அதிகாரியும் அமர்த்தப்படவில்லை.

1952 ஆகஸ்ட் 31 அன்று குற்றப் பரம்பரைச் சட்டம் இந்தியா முழுவதும் நீக்கப்பட்டது. அந்த நாளை இக்குடிகள் பலரும் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். நாட்டுக்கு ஒரு சுதந்திர நாள், தமக்கு ஐந்தாண்டுகள் கழித்து இன்னொன்று என்று. சட்டம் போன இடத்தில் பல மாநிலங்களில் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் வந்தன. அவற்றிலும் பதிவேடு இருந்தது.